முனவ்வர் பேகம் மாடியில் நின்று அளந்த ஊர்

சென்னையில் பட்டதாரிகளுக்கென்று பூகோளத்தில் ஒரு வருஷ மேல்படிப்பு தொடங்கப் போகிறார்கள் என்ற சேதி வந்த அன்று, ஆம்பூர் மண்டித் தெருவில் முனவ்வர் பேகம் அடுப்பில் இருந்த சோற்றை மறந்து குழைய விட்டாள். அவள் புருஷன் ரஷீத் அஹமது அந்தக் கூழை வாய் பேசாமல் சாப்பிட்டான். எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவி தட்டைத் தொடாமல், கல்லூரித் தோழி அனுப்பிய விதிமுறைப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தால் எந்தப் புருஷனுக்குத்தான் பேச்சு வரும்?

அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அந்தத் தெருவில் பி.ஏ. படித்த பெண் என்றால் முனவ்வர் ஒருத்திதான். மற்றபடி அவள் பெரிய இடத்துப் பெண் ஒன்றும் இல்லை. அப்பா தோல் ஷாப் என்கிற பதனிடும் சாலையில் தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். என்ன தோன்றியதோ, மகளைச் சென்னையில் சின்னம்மா வீட்டில் விட்டு, திரை கட்டிய ஜட்காவில் பெண்கள் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்க வைத்துவிட்டார். கல்யாணமாகி வந்தவள் ஊரில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கான பள்ளியில் வாத்தியாரம்மா ஆனாள். யாரும் சீந்தாத பாடமாகப் பார்த்துப் பூகோளத்தை அவள் தலையில் கட்டினார்கள். அது அவளுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பாலாற்றைத் தாண்டுவதற்கே ஜட்காவில் திரையை இறக்கிவிடுகிற பெண்ணுக்குப் பசிபிக் சமுத்திரத்தின் மேல் ஆசை வந்ததை என்னவென்று சொல்வது! வந்தது, அவ்வளவுதான்.

விதிமுறை என்ன சொன்னது? பி.ஏ. தேறியிருக்க வேண்டும், தேறியிருந்தாள். பள்ளியில் பாடம் நடத்தியிருக்க வேண்டும், நடத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவதில்தான் முள் இருந்தது. சேர விரும்புகிறவர் தன் ஊரில் ஒரு பகுதியைத் தானே பலகை வைத்து அளந்து, தன் கையால் படம் வரைந்து கொண்டுவர வேண்டும். எங்கெங்கே நின்று பார்த்தார், ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எப்படிப் போனார் என்று நேரில் வந்து சொல்ல வேண்டும். வேறு யாராவது வரைந்தது என்று சந்தேகம் வந்தால் பெயர் பதிவாகாது. ஜூன் மாதக் கடைசியோடு பதிவு முடிந்துவிடும்.

ரஷீத் நல்லவன். தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறவன்; கூச்ச சுபாவம். மனைவி படித்தவள் என்பதில் அவனுக்கு உள்ளுக்குள் பெருமை; அதே வீட்டில் இருக்கிற அண்ணன் கவுஸ் அஹமதுவிடம் வெளியில் பயம். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"படிக்கிறதுக்கு நான் குறுக்க நிக்கல, முனவ்வர். ஒரு வருஷம்தானே, உங்க சின்னம்மா வீட்டுல இருந்து படி. ஆனா இந்த அளக்கிற சமாச்சாரம்... நீ பலகையைத் தூக்கிக்கினு நடுத்தெருவுல நின்னா அண்ணன் இன்னா சொல்வாரு? ஒரே பேஜாராப் போய்டும். தெருவுல கால் வைக்காம அளக்க முடியும்னா அள. நான் வேணாங்கல."

நோகாமல் கதவைச் சாத்திவிட்டோம் என்று அவன் நினைத்துக்கொண்டான். முனவ்வர் கொஞ்ச நேரம் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"வாக்கு மாற மாட்டீங்களே?" என்றாள்.

மண்டித் தெருவை அறியாதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. எல்லாம் மொட்டை மாடி. ஆண்கள் தோல் ஷாப்புக்கும் மண்டிக்கும் போன பிறகு பெண்கள் மாடி ஏறிவிடுவார்கள். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். அதைத் தாண்டிப் போனால் புர்கா வேண்டாம், ஜட்கா வேண்டாம், யார் துணையும் வேண்டாம். பிள்ளை பிறந்த வீட்டுக்கும், காய்ச்சல் கண்ட வீட்டுக்கும், சும்மா வம்பளக்கவும் மாடி வழியாகவே போய் வருவார்கள். தெரு ஆண்களுடையது, அதற்கு மேலே இன்னொரு ஊர் இருந்தது.

பலகை வைத்து அளப்பது என்பதும் பெரிய மந்திரம் அல்ல. பலகையில் காகிதத்தைக் குத்தி வைத்து, ஓரிடத்தில் நின்று, அதன் மேல் ஒரு மரச் சட்டத்தை வைத்து, அதன் ஓரத்தோடு கண்ணை வைத்து, தூரத்து மினாரைப் பார்த்து ஒரு கோடு போட வேண்டும். அளந்து தெரிந்த தூரத்தில் இன்னோர் இடத்துக்குப் போய் அதே மினாரைப் பார்த்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் மினார் இருக்கிறது. நடந்து போய்த் தொட வேண்டியதே இல்லை, பார்த்தால் போதும். திரைக்குள் வாழும் கோஷாப் பெண்களுக்கென்றே எவனோ கண்டுபிடித்த வித்தை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. பலகை கிடைத்தது, அதை வைக்க முக்காலி கிடைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்குகிற பெரிய செம்பு டேக்சா ஒன்று வீட்டில் இருந்தது. அதைக் கவிழ்த்து அதன் மேல் பலகையை வைத்தாள். சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தட்டில் தண்ணீர். முதல் தூரத்தை அளக்கக் கிணற்றுக் கயிறு. ஆம்பூரில் பிரியாணிக்கு அல்லாமல் வேறு எதற்காவது டேக்சா மாடி ஏறியது அன்றுதான்.

முதல் நாள் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த நாள் கயிற்றின் மறு முனையைப் பிடித்தார்கள். அதற்கடுத்த நாள் டேக்சாவைத் தூக்கிச் சுவர் தாண்டி வைப்பதற்குப் போட்டியே நடந்தது. வீட்டுக்கு வீடு தேநீர் வந்தது. "எங்க வீட்டுக் கொய்யா மரத்தை வுட்டுடாதே" என்றாள் ஒருத்தி. "அவ வீட்டை விட எங்க வீடு சின்னதாத் தெரியுதே, நல்லாப் பாரு" என்று சண்டைக்கு வந்தாள் இன்னொருத்தி. பள்ளிவாசல் மினார், ரயில் சிக்னல் கம்பம், தோல் ஷாப்பில் பட்டை காயப் போடுகிற களம், வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் கூசும் பாலாற்று மணல், எல்லாம் ஒவ்வொன்றாகக் காகிதத்துக்கு வந்து உட்கார்ந்தன. இரண்டு கோடுகள் சேரும்போதெல்லாம் முனவ்வருக்கு மேனி சிலிர்த்தது. பள்ளிக்கூடத்தில் இந்தியா படத்தைக் காட்டி ஆம்பூர் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் விரலை எங்கோ வைத்துக் காட்டியவள் அவள். இப்போது தன் ஊரைத் தானே பெற்றெடுக்கிற மாதிரி இருந்தது.

ஆனால் மண்டித் தெருவோடு பகுதி முடியவில்லை. பக்கத்தில் கிணற்றுத் தெருவும் சேர்ந்தால்தான் விதி கேட்ட அளவு வரும். இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு குறுகிய சந்து. அதைத்தான் அந்த ஊரில் யாராலும் தாண்ட முடியாது.

காரணம், பக்ரீத் தோல். பண்டிகைக்கு அறுத்த ஆட்டுத் தோல்களை மதரசாவுக்குத் தருமமாகக் கொடுத்து, அதை ஏலம் போடுவது வழக்கம். பல வருஷங்களுக்கு முன்னால் அந்த ஏலத்தில் இரண்டு தெருவுக்கும் வாய்த் தகராறு முற்றிவிட்டது. மண்டித் தெருப் பக்கம் நின்றவர் கவுஸ் அஹமது. கிணற்றுத் தெருப் பக்கம் நின்றவர் அவருடைய மாமனார். தருமத் தோலுக்காக ஆரம்பித்த சண்டையில் மனுஷத் தோல்தான் உரிந்தது. அன்றிலிருந்து இந்தத் தெரு ஆள் அந்தத் தெருக் கல்யாணத்துக்குப் போவதில்லை, சாவு விழுந்தால் மையத்துக்கும் போவதில்லை. மாமனார் இறந்தபோதுகூடக் கவுஸ் அஹமது போகவில்லை. அவர் மனைவி மஹ்பூபியும் தாய் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவு.

வாசலை அவள் மிதிக்கவில்லை. மாடியை மிதித்தாள். சந்துக்கு மேலே இரண்டு மாடிக்கும் நடுவில் ஒரு பலகையைப் போட்டால் நான்கு எட்டில் அந்தப் பக்கம் போய்விடலாம். மாலையில் ஆண்கள் தொழுகைக்குப் போன நேரம் பார்த்துப் பலகை போடப்படும். மஹ்பூபி போய்த் தன் தாய் அன்வரி பேகத்தின் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வருவாள். பலகையை இழுத்துச் சுவரோரம் சாத்திவிடுவார்கள். தெருப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆண்களில் ஒருவருக்கும் தெரியாது என்பது அவர்கள் நம்பிக்கை.

முனவ்வரும் டேக்சாவோடு அந்தப் பலகையில்தான் போனாள். கீழே பார்க்காமல் போனாள். கிணற்றுத் தெருப் பெண்கள் அந்தப் பக்கம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அந்தப் பாதியும் முடிந்தது.

படத்தை மை போட்டு எழுத உட்கார்ந்த அன்று மஹ்பூபி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முனவ்வர் அவளைப் பாபி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணியைக் கூப்பிட அந்த வீட்டில் அதுதான் முறை.

"படத்துல சந்துப் பலகையையும் போடப் போறியா?"

"போன வழியைக் காட்டணும் பாபி. விதி அப்படி."

"உன் விதி உனக்கு. என் தலைவிதியைக் கேளு." மஹ்பூபி பேனா பிடித்த கையைப் பற்றிக்கொண்டாள். "பதிவு பண்ண உங்கூட உன் புருஷன் வருவான். படத்தைப் பாப்பான். அண்ணன்கிட்ட அவன் வாய் நிக்காது. பலகை போச்சுன்னா எங்க அம்மாவை நான் மையத்துலதான் பாக்கணும். அதுக்கும் வுடமாட்டாரு அந்த மனுஷன்."

முனவ்வர் பேனாவைக் கீழே வைத்தாள். வழியைப் போடாவிட்டால் படிப்புக்கே வழி இல்லாமல் போகலாம். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான், "போடல பாபி" என்று சொன்னாள். சந்து படத்தில் வெறும் சந்தாகவே நின்றது.

சென்னைக்கு ரயில் ஏறினார்கள். காட்பாடி தாண்டும்வரை முனவ்வர் படச் சுருளை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை. புர்காவின் வலைக்குள்ளிருந்து பாலாறு எங்கே வளைகிறது, மலை எங்கே ஒதுங்குகிறது என்று புருஷனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவ்வளவு பேச்சை அவன் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை.

பதிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஸ் அன்னம்மாள் தேவசகாயம். மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி. பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும். மேசையில் படத்தை விரித்து, நான்கு மூலையிலும் புத்தகத்தை வைத்து, வெகு நேரம் பார்த்தார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்ல வேலை. ஆனா ஒண்ணு கேக்கணும். உங்க ஊர்ல ஆம்பளைங்களே கிடையாதா? எல்லா வீடும் பொம்பளைங்க பேர்லயே இருக்கே?"

முனவ்வர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாடியில் எந்த வீட்டையும் அந்த வீட்டுப் பெண்ணின் பெயரால்தான் சொல்வார்கள். அது படத்துக்கும் வந்துவிட்டதை அவள் கவனிக்கவே இல்லை. ரஷீத் எட்டிப் பார்த்தான். அவனுடைய பரம்பரை வீடு 'மஹ்பூபி வீடு' என்று இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

மிஸ் சிரிக்கவில்லை. அவருடைய விரல் சந்துக்கு வந்து நின்றுவிட்டது.

"தெருவுல கால் வைக்காம அளந்தேன்னு சொல்றீங்க. சந்துக்கு இந்தப் பக்கமும் நின்னு பார்த்திருக்கீங்க, அந்தப் பக்கமும் பார்த்திருக்கீங்க. நடுவுல வழியே இல்லையே. எப்படிப் போனீங்க?"

முனவ்வர் ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள்.

"அந்தப் பாதியை வேற யாராவது வரைஞ்சு கொடுத்தாங்களா?"

"இல்ல மிஸ்! ஒவ்வொரு கோடும் என் கை."

"அப்ப வழியைச் சொல்லுங்க. சொல்லலைன்னா பேரைப் பதிவு பண்ண முடியாது. எனக்கும் வருத்தம்தான்."

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் பெயர் ஏறிவிடும். பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருக்கிறான். ஆசைப்பட்டதெல்லாம் அந்த மேசை மேல் கிடந்தது. முனவ்வர் மூலைக்கு ஒன்றாக இருந்த புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டுப் படத்தைச் சுருட்டத் தொடங்கினாள்.

"பலகை இருக்கு மிஸ்" என்றான் ரஷீத்.

முனவ்வர் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"சந்துக்கு மேல பலகை போட்டுப் போவாங்க. இவளும் அதுலதான் போயிருப்பா." அவன் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான். "இன்னா பாக்கிறே? ஊர்ல ஆம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். தொழுகை முடிஞ்சப்புறம் பள்ளிவாசல்லயே அவ்ளோ நேரம் உக்காந்து ஊர்க்கதை பேசறமே, வேலை இல்லாமலா? பொம்பளைங்க பலகையை எடுக்கட்டும்னுதான்."

"உங்க அண்ணனுக்கு?" என்றாள் முனவ்வர்.

"பழைய பலகை உளுத்துப் போச்சு. பாபி விழுந்துடுவாங்கன்னு, போன மழைக்கு முன்னாடி, மாடியில யாரும் இல்லாத நேரமாப் பாத்து, தோல் ஷாப்புலேர்ந்து தேக்குப் பலகை கொண்டாந்து போட்டதே அண்ணன்தான். நானும் ஒரு கை பிடிச்சேன். அன்னிக்கு ஜும்மா தொழுகைக்கே லேட்டாப் போனோம்."

மிஸ் அன்னம்மாள் பேனாவை எடுத்து முனவ்வரிடம் நீட்டினார்.

"அவ்வளவுதானே? வழியை வரைஞ்சு கொடுங்க, பதிவு பண்ணிடறேன்."

"வேணாம் மிஸ்!" ரஷீத் எழுந்தே விட்டான். "எல்லாருக்கும் தெரியும். ஆனா யாருக்கும் தெரியாதுன்னு இருக்கிறவரைக்கும்தான் அது இருக்கும். காகிதத்துல ஏறிடுச்சுன்னா, நாலு பேர் கேப்பாங்க, அண்ணன் எடுத்தே ஆகணும். அண்ணனுக்குத் தெரியும்னு பாபிக்கும் தெரியக் கூடாது. அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சா அவரால சும்மா இருக்க முடியாது."

மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"சந்தேகம் இருந்தா நேர்ல போய்ப் பார்க்க எனக்கு அதிகாரம் உண்டு. பார்த்துட்டா, வழி இருக்குன்னு நான் எழுதினாப் போதும். என்ன வழின்னு எழுதணும்னு எந்த விதியும் இல்ல. பொம்பளைங்க மாடிக்கு நான் வரலாமில்லையா?"

முனவ்வர் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜூன் முடிவதற்குள் மிஸ் அன்னம்மாள் தேவசகாயம் ஆம்பூருக்கு வந்தார். மண்டித் தெரு மாடிகளில் அன்றைக்கு இருந்த கூட்டம் ரம்ஜானுக்குப் பிறை பார்க்கக்கூட வந்ததில்லை. ஆண்கள் தொழுகைக்குப் போனார்கள். தேக்குப் பலகை சந்தின் மேல் விழுந்தது. மிஸ் செருப்பைக் கழற்றினார், புடவையைத் தூக்கிச் செருகினார், நடுவில் ஒரு தரம் நின்று, "ஆண்டவரே" என்றார். பிறகு விடுவிடென்று அந்தப் பக்கம் போய்விட்டார். இரண்டு தெருப் பெண்களும் சத்தம் போட முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குதித்தார்கள். அன்வரி பேகம் சர்பத் கொடுத்தார். கவிழ்த்த டேக்சாவின் மேல் பதிவேட்டை விரித்து, மிஸ் முனவ்வரின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். முனவ்வருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

மிஸ்ஸைக் கீழே கொண்டு போய் ஜட்காவில் ஏற்றிவிட்டு முனவ்வர் மறுபடியும் மாடிக்கு ஓடி வந்தாள். பலகை இன்னும் கிடந்தது. மஹ்பூபி எண்ணெய்க் கிண்ணத்தோடு அதன் அருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டே, முனவ்வர். ஆம்பளைங்ககிட்ட எங்க பலகையையும் காட்டிக் குடுக்கல. நல்லா இருப்பே." அவள் குனிந்து தேக்கைத் தடவினாள். "எங்க அம்மா தெருவுல எந்த நல்ல மனசுக்காரி இதைப் போட்டாளோ, அவளும் நல்லா இருக்கணும். உங்க பெரியவரு கண்ணுல மட்டும் பட்டிருந்தா அன்னிக்கே அடுப்புல வெச்சிருப்பாரு. கல்லு மனசு அவருக்கு."

முனவ்வருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அவ்ளோ கல்லு இல்ல பாபி" என்று மட்டும் சொன்னாள்.

"உனக்கு இன்னா தெரியும் அவரைப் பத்தி? கூட இருக்கிறவ நான்" என்று சொல்லிவிட்டு, மஹ்பூபி பலகையில் கால் வைத்துத் தன் தாய் வீட்டுக்குப் போனாள்.